விளையாட்டுப் பட்டறை – 9: "நல்லாத்தானுங்க இருக்குது!"

போன வாரம் கேம் ஜாமுக்காக, அதாவது குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்ச்சிக்காக, 48 மணி நேரத்தில் ஒரு கேம் செய்து முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அனுப்பியும் ஆயிற்று. தூங்கி எழுந்ததும் அடுத்த வேலை ஆரம்பம்: விளையாடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது.

நம் கொங்குப் பக்கத்தில் இது லேசான காரியமில்லை. பந்தியில் உப்புக் கரித்தாலும் "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்கிறவர்கள் நாம். பெரியப்பா கையில் போனைக் கொடுத்து "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டால் மரியாதை கிடைக்கும், தகவல் கிடைக்காது.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பார்த்தேன். ஒரு மாணவி தன் முதல் ஜாமில் டவுன் பஸ் கண்டக்டர் கேம் செய்திருந்தாள். காந்திபுரத்தில் கிளம்பி உக்கடம் போய்ச் சேர்வதற்குள் எல்லோருக்கும் டிக்கெட் கிழித்தாக வேண்டும். தோழி விளையாட உட்கார்ந்தாள். முதலில் கண்டக்டரின் முகத்தைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பையைத் தொட்டாள். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். "அங்க இல்லடி, டிக்கெட்டப் புடிச்சு இழு!" என்றாள் செய்தவள். சோதனை அத்தோடு முடிந்தது. கடைசியில் தோழி "சூப்பர்டி" என்றாள், நோட்டில் அதுதான் ஏறியது. ஏறியிருக்க வேண்டியது, விரல் முதலில் போன அந்த இரண்டு இடங்கள். டிக்கெட்டை இழுக்க வேண்டும் என்று திரை சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். மதுரையில் விளையாடப் போகிறவனுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

1998இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்' கேமைச் செய்த வால்வ் நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெளியாள் விளையாடும்போது செய்தவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், வாய் திறக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்தால், சரிசெய்ய வேண்டியவை நூறு வரை தேறுமாம்.

பார்ப்பது ஒரு பாதி, சொன்னதைப் புரிந்துகொள்வது மறு பாதி. கிரைண்டர் ரிப்பேருக்கு வருகிறவர் "மோட்டார் போயிருச்சுங்க" என்றுதான் சொல்வார். பீளமேட்டு மெக்கானிக் தலையாட்டிவிட்டு முதலில் பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பார். கல் ஓடவில்லை என்பது நிஜம், காரணம் சொல்வது வந்தவர் வேலையில்லை. "குதிக்கவே மாட்டேங்குது, குதிக்கிற உயரத்தக் கூட்டுங்க" என்று ஒருவர் சொன்னாலும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மேடை விளிம்பைத் தாண்டிய பிறகு அவர் பட்டனை அமுக்கியிருப்பார். அவர் கணக்கில் அது சரியான நேரம், கம்ப்யூட்டர் கணக்கில் தாமதம். 'செலஸ்ட்' கேமில் இதற்கு வைத்தியம் இருக்கிறது: விளிம்பு கடந்து 0.1 விநாடி வரைக்கும் குதிக்க விடுவார்கள். விளையாடுகிறவருக்கு இந்தச் சலுகை கண்ணிலேயே படாது. 2015இல் நாலே நாளில் செய்த சின்ன கேமாக இருந்து, 2018இல் முழு உருவத்தில் வந்தது அது.

அதற்காக எல்லாப் புகாரையும் சரிசெய்யப் புறப்பட வேண்டாம். 2013 ஜனவரியில் குளோபல் கேம் ஜாமுக்குத் தலைப்பாகக் கொடுத்தது ஒரு இதயத்துடிப்பின் சத்தம். லண்டன் போசா ஸ்டூடியோஸ் ஆட்கள் இதய ஆபரேஷன் கேம் செய்தார்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கீ. சுத்தியலை எடுக்கப் போனால் கை வேறெதையாவது தட்டிவிடும், கடிகாரம் நோயாளியின் நெஞ்சுக்குள் விழும். 'கன்ட்ரோல் மகா மோசம்' என்று யாரும் சத்தியம் செய்யலாம். ஆனால் விளையாடியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கோணல் கையை நிமிர்த்தாமல் அதே ஆண்டு ஏப்ரலில் விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். அதுதான் 'சர்ஜன் சிமுலேட்டர்'. திட்டிக்கொண்டே மறுபடி ஆடுகிறானா, திட்டிவிட்டுப் போனைக் கீழே வைக்கிறானா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

யார் விளையாடுகிறார் என்பதும் முக்கியம். டொரண்டோவில் உருவாகி, 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கிய 'வெண்பா'வில் முதல் புதிரே இட்லிதான். ஆவி எல்லாக் குழிக்கும் போகிற மாதிரி தட்டுகளை அடுக்க வேண்டும். வெள்ளைக்காரர் யோசிக்கிற இடத்தை உங்கள் அம்மா யோசிக்காமலே தாண்டுவார். ஒரே ஆளிடம் கேட்டுவிட்டு 'ரொம்ப சுலபம்' என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஆள் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு லூடம் டேர் ஒரு வழி வைத்திருக்கிறது. 2002 முதல் நடக்கும் ஜாம் அது. நடுவர் கிடையாது, கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமுக்கு ஒருவர் மதிப்பெண் போடுகிறார்கள். அடுத்தவர் கேமை நீங்கள் விளையாடிக் கருத்துச் சொன்னால்தான் உங்களுடையதற்கும் ஆள் வரும். நம் மொய் நோட்டுக் கணக்கேதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கேமை உறவுக்காரர் அல்லாத ஒருவர் கையில் கொடுங்கள். பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல் விரலை மட்டும் பாருங்கள். அடுத்த வாரம், எழுதி வைத்ததில் எதைத் திருத்துவது, எதைத் தள்ளுவது என்று பார்ப்போம். நோட்டோடு வாருங்கள்.