இயந்திரம் தட்டும் தாளம்

"தாளந் தவறாமல் அடிப்பது இயந்திரத்துக்கு இயல்பு, அதிற் கலை எங்கே இருக்கிறது?" என்று கேட்போர் நம் இரசிகருள் அநேகர். சென்ற மாதம்வரை யானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். ஹவுஸ் என்றும் ரெக்னோ என்றும் பெயர் பெற்ற மேனாட்டு நடன இசை, கலியாண வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து கண்டாவளை வயல்களைக் கடந்து வரும்போது, சன்னலைச் சாத்திவிட்டுப் புத்தகத்தை விரிப்பதே என் வழக்கம்.

இம்மாதம் அச்சன்னலைத் திறந்து வைத்தவன் என் தங்கையின் மகன். பல்கலைக்கழக விடுமுறையில் வந்தவன், தன் கைத்தொலைபேசியை என் மேசைமீது வைத்து, "மாமா, நாலே நாலு இசைத்தட்டுக் கேளுங்கோ, அதுக்குப் பிறகு ஏசுங்கோ" என்றான். அவை வெளிவந்த காலத்தால் யாவும் புதியனவல்ல. என் செவிக்குப் புதியன. அவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

சன்னலைச் சாத்தியதற்குக் காரணம் இரசனை மாத்திரமன்று. இவ்விசைக்கு உயிராய் நிற்பது தாழ்ந்த தொனியுடைய முரசொலி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 தொடக்கம் 130 முறை, நான்கு அடிகொண்ட ஒவ்வோர் ஆவர்த்தத்திலும் ஓரடியும் விடாமல், அது விழுந்துகொண்டே இருக்கும். காது கேட்பதற்கு முன் நெஞ்செலும்பு அதை உணர்ந்துவிடும். 2009ஆம் ஆண்டு தை மாதத்திலே பரந்தன், தருமபுரம், விசுவமடு என்று கிழக்கு நோக்கி மூட்டை முடிச்சுகளுடன் நடந்தவர்களுக்கு, நெஞ்சில் வந்து விழும் ஒலி எதனை நினைவூட்டும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 'அடி' என்னும் சொல் பாதத்தைக் குறிக்கும். செய்யுளின் வரியைக் குறிக்கும். முரசிற் படும் கொட்டைக் குறிக்கும். வன்னியிலே ஷெல்லடி என்று இன்னுமொரு பொருளும் அதற்குச் சேர்ந்துவிட்டது.

முதலிற் கேட்டது, டெரிக் மே என்பவர் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்றிங்ஸ் ஒஃப் லைஃப்'. அமெரிக்காவின் டெற்றோயிற் நகரம் ரெக்னோவின் தாயகம். மோட்டார் வண்டித் தொழிலாற் செழித்த அந்நகரில் 1950இல் 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2020இல் எஞ்சியிருந்தோர் ஏறக்குறைய 6 இலட்சத்து 39 ஆயிரம் பேரே. தொழிற்சாலைகள் மூடுண்டு வந்த அக்காலத்தில், யுவான் அற்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் என்னும் கறுப்பின இளைஞர் மூவர், பள்ளித் தோழர்கள், மின் இசைக்கருவிகளைக் கொண்டு இந்த இசையை ஆக்கினர். அதற்குச் சற்று முன்னரே, சிக்காக்கோ நகரில் பிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுச் சுழற்றிய 'வேர்ஹவுஸ்' என்னும் நடன மண்டபத்தின் பெயரால் ஹவுஸ் இசை பெயர் பெற்றிருந்தது.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் இடிபாட்டைக் கடந்து போய்வரும் நமக்கு டெற்றோயிற் அத்துணைத் தூரத்து ஊரன்று. உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் ஆக்கிய அந்த ஆலை போரினால் ஓய்ந்து போயிற்று. ஓய்ந்த ஆலைகளின் நகரத்திலிருந்து இத்தகைய துள்ளும் பியானோ ஒலி எழுந்ததென்பதை அறிந்தபோது, தட்டை நிறுத்தப் போன என் கை தாமதித்தது.

அந்தத் தாமதத்திலேதான் ஓர் உண்மை எனக்குப் புலனாயிற்று. ஷெல்லடியின் கொடுமை அதன் ஒலியில் மட்டும் இருக்கவில்லை. அடுத்தது எப்போது, எங்கே விழும் என்று அறியாமையில் இருந்தது. பதுங்குகுழியிற் குந்தியிருந்தவர்கள் காத்திருந்தது ஒலிக்காகவன்று, ஒலிகளுக்கு இடைப்பட்ட மௌனம் முடிவதற்காக. இங்கோ அடுத்த அடி எப்போது விழும் என்பது எனக்குத் தெரிகிறது. பதினாறு அடிகள் விழுந்ததும் என் தோள் தளர்ந்தது. முப்பத்திரண்டாவதிற் பெருவிரல் தானே தாளமிட்டது. 'ஒரே அடி, சலிப்பு' என்று நாம் பழிக்கும் அந்த மாறாமை, நிலையின்மையிலே வாழ்ந்தவனுக்கு ஓர் ஆறுதல். தாளம் என்பதே அடுத்த அடியை நம்பியிருக்கலாம் என்னும் உறுதிப்பாடு அல்லவா?

இரண்டாவது தட்டு, பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங் 1982இல் ஒலிப்பதிவு செய்த பத்து இராகங்கள். றோலண்ட் நிறுவனத்தின் ரீ.ஆர். 808 தாளக்கருவி, ரீ.பி. 303 தாழ்சுரக் கருவி, ஜுப்பிற்றர் 8 என்னும் மூன்றையும் இணைத்து அவர் இராகங்களை இசைத்தார். அன்று அத்தட்டை விரும்பி வாங்கினோர் சிலரே. 303 கருவியும் விலைபோகாமற் கைவிடப்பட்டு, பழைய பொருட் கடைகளை அடைந்தது. சிக்காக்கோ இளைஞர் அதனை மலிவாக வாங்கி 1987இல் 'அசிட் ட்ராக்ஸ்' என்னும் புகழ்பெற்ற தட்டை ஆக்கினர். 2010இல் சிங்கின் தட்டு மறுபதிப்புப் பெற்றபோது, அவர்களுக்கு ஐந்து ஆண்டு முன்னரே அவ்வொலியை ஓர் இந்தியர் எழுப்பியிருந்தமை கண்டு உலகம் வியந்தது. இதில் வரும் பூபாளி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி 303இல் உண்டு. கமகம் பழகிய கை அதைத் தொட்டபோது நிகழ்ந்ததை மாணவர் அவசியம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, 2023இல் வெளிவந்த தொகுப்பு. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவகத்தில் 1969இல் அமெரிக்க இசையாளர் டேவிட் ரியூடரின் துணையோடு ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. அங்கு கீதா சாராபாய், எஸ்.சீ. சர்மா முதலியோர் பதிந்த ஒலிநாடாக்கள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தன. போல் பேர்கஸ் அவற்றைத் தேடியெடுத்துத் தொகுத்தார். சர்மா தம் ஆக்கத்துக்கு 'நடன இசை' என்றே பெயரிட்டிருக்கிறார். இது ரெக்னோவன்று, அதற்கு முந்திய மழலை. இதிற் சில பகுதிகள் பரிசோதனை என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான்காவது நம் வீட்டுக் குரல். யாழ்ப்பாணத்திற் சிறுபராயத்தைக் கழித்து இலண்டன் சென்ற மாதங்கி அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' என்னும் தொகுப்பிலுள்ள 'பாய்ஸ்'. ஹவுஸ் இசையில் தேர்ந்த சுவிச் என்பவரோடு சேர்ந்து, தமிழகத்தின் உருமி மேளத்தை அவர் இதிற் கையாண்டார். உருமியின் உறுமலும் இயந்திர முரசும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நடக்கின்றன. நால்வகையுள் எனக்கு மிக உவந்தது இதுவே.

இயந்திரத்தில் மனிதன் இல்லை என்பார்க்கு ஒரு வார்த்தை. 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை, மின்கலத்துக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மிதிப்பவன் களைத்தால் பாட்டு மங்கும்; அவன் தெம்படைந்தால் பாட்டும் தெளியும். அன்று எந்த இயந்திரத்துக்குள்ளும் ஒரு மனிதன் இருப்பதை நாம் அறிந்திருந்தோம். மின்சாரம் வந்தபின் மறந்துவிட்டோம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் பறைமேளத்தையும் கூத்து மத்தளத்தையும் வாசிக்கும் முதிய கைகள் இன்னும் நம்மிடையே உள்ளன. அவர்களைப் பாடசாலைக்கு அழைத்து, உரிய மரியாதையும் ஊதியமும் அளித்து, மாணவரைக் கொண்டு ஒலிப்பதிவு செய்வியுங்கள். பின்னர் அப்பதிவைக் கணினியில் இட்டு அவர்கள் விரும்பிய தாளத்தோடு இணைத்துப் பார்க்கட்டும். கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். கேளாமல் விடப்பட்ட தாளமே கெட்டுப் போகும்.

நேற்றிரவும் ஒரு கலியாண வீட்டிலிருந்து அந்த முரசொலி வந்தது. சன்னலைச் சாத்தவில்லை. அடுத்த அறையிலிருந்து மருமகன், "மாமா, சத்தம் கூடவோ?" என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன்.