வெள்ளக் கதைகளும் வைகைக் கரையும்

உலகம் நீரில் மூழ்கிய எதிர்காலத்தைப் புனைந்து காட்டும் அறிவியல் கதைகளை நம் இளைஞர் விரும்பிப் படிக்கின்றனர், திரையிலும் காண்கின்றனர். இவ்வகைக்கு முன்னோடிகளுள் ஒன்று, ஆங்கில எழுத்தாளர் ஜே. ஜி. பாலார்ட் 1962இல் வெளியிட்ட 'மூழ்கிய உலகம்' என்னும் நாவல். கதிரவனின் சீற்றத்தால் துருவப் பனி உருக, லண்டன் மாநகர் வெப்பமண்டலக் காயலாகிவிடுகிறது. அவ்வெள்ளத்திற்கு மனிதர் பொறுப்பல்லர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மதுரையில் வாழும் நமக்கு இக்கற்பனை புதிதன்று. முதற்சங்கம் இருந்த மதுரையையும் இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டதாக இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. முதற்சங்கம் 4,440 ஆண்டுகளும், இடைச்சங்கம் 3,700 ஆண்டுகளும் நடைபெற்றனவாம். இவ்வெண்களை வரலாறாகக் கொள்ள இயலாது. (கொள்வோர் இன்றும் உளர், அவர்களோடு வழக்காடுதல் நம் நோக்கமன்று.)

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் வேறொரு வெள்ளத்தைச் சொல்லுகிறது. வைகை பெருக்கெடுத்தபோது பாண்டியன் கரையைப் பங்கிட்டு, குடிதோறும் அடைக்கப் பணித்தான். பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி வந்திக்கு ஆள்துணை இல்லை. பங்கு மட்டும் தப்பவில்லை. உதிர்ந்த பிட்டே கூலியாக, இறைவன் கூலியாளாய் வந்து மண் சுமந்தார் என்பதும், அவர்மேல் விழுந்த பிரம்படி அரசன் முதலாக அனைவர் மேலும் பட்டது என்பதும் கதை. ஆவணி மூலத்தன்று மதுரையில் இது இன்றும் விழாவாக நடைபெறுகிறது. சைவப் பெருமக்களின் இந்நம்பிக்கையை நாம் நமதாக்கிக்கொள்ள முனையவில்லை. ஆயினும், வெள்ளத்தின் சுமை யார் தலையில் ஏறுகிறது என்று இக்கதை கேட்கும் கேள்வி திருமறை மாணவருக்கு அந்நியமானதன்று.

ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் வெள்ளத்திற்குக் காரணம் கதிரவனும் அன்று, கடலும் அன்று. பூமி கொடுமையினால் நிறைந்தமையே காரணம். 9ஆம் அதிகாரத்தின் உடன்படிக்கையோ நோவாவின் குடும்பத்தோடு நின்றுவிடாமல் மாம்சமான சகல உயிர்களையும் தழுவுகிறது. 'இனி வெள்ளத்தால் உலகம் அழியாது என்று ஆண்டவர் வாக்களித்திருக்கிறார். வானிலை மாற்றத்தைக் குறித்து விசுவாசிகள் கலங்குவானேன்?' என்று சபைகளில் கேட்கப்படுவதுண்டு. பூமி முழுவதையும் அழிப்பதில்லை என்பதே அவ்வாக்கு. நாம் தூர்த்த வாய்க்கால் நிரம்பி வழியாது என்று அது எங்கும் கூறவில்லை. வானவில்லை நமது அசட்டைக்கு ஈட்டுப் பத்திரமாக்குவது வேதத்தைப் புரட்டுவதாகும்.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்த கனமழையில், வைகைக்கு வடக்கே செல்லூர்ப் பகுதித் தெருக்களில் நீர் புகுந்தது. கடல் பொங்கவில்லை, வைகையும் கரை உடைக்கவில்லை. கண்மாய் நீர் பந்தல்குடி வாய்க்காலில் அடங்காமல் வீடுகளுக்குள் வந்தது. வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்போர் எளியோர். இத்தகைய நாள்களில் 'ஆக்கிரமிப்பாளர்' என்னும் பெயர் அவர்களுக்கே முதலில் சூட்டப்படுகிறது. 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய் நிலத்தில் நிற்பதை நினைவூட்டுவோர் மிகச் சிலரே.