கோடையில் கண்ணுக்குத் தெரியாத கார்த்திகைப்பூ

2011 ஆவணியில் விசுவமடுவில் எங்கள் வளவில் வீட்டுத்திட்டத்துக்கு அத்திவாரம் வெட்டினார்கள். செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பழைய வீடு இருந்த இடத்தில் சுவர்த் துண்டுகளும் கிணறும் மட்டுமே எஞ்சியிருந்தன. அம்மாவின் மல்லிகைப் பந்தலும் செவ்வரத்தைகளும் இருந்த அடையாளமே இல்லை. தறப்பாள் கொட்டிலுக்கு அருகில் அவர் மிளகாயும் கத்தரியும் மட்டும் நட்டிருந்தார். பூக்கன்று வைப்போமா என்று கேட்டபோது, "பூ இனி ஆருக்கு?" என்றார். அண்ணா திரும்பி வராத வளவு அது.

மேசனோடு வந்த இளைஞர், மண்வெட்டியில் கொழுவிய கிழங்கொன்றை வேலிப்பக்கம் எறிந்தார். அம்மா ஓடிப்போய் எடுத்தார். "இது கார்த்திகைப்பூக் கிழங்கெல்லே. பாத்து வெட்டுங்கோ தம்பி" என்றார். அன்று பின்னேரத்துக்குள் எட்டுக் கிழங்குகள் கிடைத்தன.

சண்டையும் இரண்டு வருடக் கோடையும் கடந்து, தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வளவில் அவை எப்படி உயிரோடு இருந்தன? விடை எங்கள் பருவகாலத்தில் இருக்கிறது.

வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் சிறு மழை. அதன்பின் சோளகக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். கார்த்திகைப்பூக் கொடி இதற்கேற்பவே வாழ்கிறது. முதல் மழைக்கு முளைத்து, இலை நுனியில் உள்ள சுருளால் வேலியைப் பற்றி ஏறும். கார்த்திகையில் பூக்கும். பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். நாள் செல்லச் செல்ல செம்மஞ்சளாகி முழுச் சிவப்பாகும். மழை ஓய்ந்தபின் காய் முற்றிக் கொடி காய்ந்துவிடும்.

கொடி காய்வது சாவு அல்ல. இலைகள் செய்த உணவெல்லாம் அதற்குள் கிழங்குக்கு இறங்கிவிடும். பழைய கிழங்கு சுருங்கி, புதிய கிழங்கு உருவாகும். அது கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். கோடை முழுவதும் அது மண்ணுக்குள் உறங்கும். மேலே ஒன்றும் இல்லாததால் ஆடு கடிக்காது, வெயில் சுடாது.

ஆகவே இடம் மாற்றுவதானால் கிழங்கு உறங்கும் கோடைதான் நல்ல காலம். முளை கிழங்கின் நுனியில் இருக்கும். அது முறிந்தால் அந்தக் கிளையில் முளைக்காது. அம்மா எட்டையும் வேலியோரம், தண்ணீர் தேங்காத இடத்தில், நான்கு விரல் ஆழத்தில் கிடையாக வைத்து மூடினார். மழை வரும்வரை தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் உறங்கும் கிழங்கு அழுகிவிடும். விதையிலும் வளர்க்கலாம், ஆனால் பூக்கச் சில வருடங்கள் செல்லும்.

ஒரு எச்சரிக்கை. செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கும் விதையும், கொடிய நஞ்சு. அதிலுள்ள கொல்சிசின் உயிரைப் பறிக்கும், அவித்தாலும் போகாது. வற்றாளங்கிழங்கு என்று நினைத்து உண்டு இறந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. பிள்ளைகளும் ஆடுமாடுகளும் அண்டாத இடத்தில் வையுங்கள். தொட்டபின் கை கழுவுங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திராமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த வருடம் மழை தொடங்கி இரண்டு கிழமைக்குள் ஐந்து முளைகள் வந்தன. கார்த்திகையில் முதல் பூ விரிந்தபோது அயலில் உள்ள அன்ரி ஒருவர் தாழ்ந்த குரலில், "இந்தப் பூ வளவில நிண்டா பிரச்சினை வராதோ?" என்று கேட்டார். 2003 இல் விடுதலைப் புலிகள் தேசியப் பூவாக அறிவித்த பூ அது. மாவீரர் நாள் வரும் மாதத்தில் மலர்வது. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அம்மா, "மழைக்கு முளைக்கிறதுக்கு நான் என்ன செய்யிறது?" என்று மட்டும் சொன்னார். கொடியைப் பிடுங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மற்றப் பூக்கள் வந்தன. மாரியில் செவ்வரத்தைத் தடிகளை ஊன்றினார். தையில் மல்லிகையைக் கத்தரித்து மாட்டெரு வைப்பார். பங்குனி, சித்திரையில் அரும்பு கட்டும். சோளகம் வீசும் மாதங்களில் நித்தியகல்யாணியும் போகன்வில்லாவும்தான் முற்றத்துக்கு நிறம். போகன்வில்லாவுக்குத் தண்ணீர் கூடினால் இலைதான் தழைக்கும்; சற்று வாடவிட்டால் பூக்கும். கிணற்று நீர் இறங்கும் ஆடி, ஆவணியில் செவ்வரத்தை அடியில் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, பொழுது பட்டபின் தண்ணீர் ஊற்றுவோம். ஈரம் இரண்டு நாள் நிற்கும்.

உங்கள் வளவிலும் முன்பு கார்த்திகைப்பூ நின்றிருந்தால், கோடையில் அந்த இடத்தைக் கிண்டவோ உழவோ முன்னர் ஒரு மாரி பொறுத்துப் பாருங்கள். முளைத்தால், கொடி காயும்போது அந்த இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். அம்மா அப்படித்தான் செய்கிறார். வேலியோரம் இப்போது பதினொரு கற்கள். ஆவணியில் பார்ப்பவர்களுக்கு அவை வெறும் கற்கள். அம்மா ஒவ்வொரு நாளும் முற்றம் கூட்டும்போது அவற்றைச் சுற்றித்தான் கூட்டுவார்.