போனில் இடம் இல்லையா? அழிக்கும் முன் சான்றிதழைப் பாருங்க!

‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று போன் காட்டியதும் அவசரப்பட்டு எல்லாத்தையும் அழிச்சிடாதீங்க. இ-சேவை மையத்தில் வாங்கிய சாதி, வருமானச் சான்றிதழ்களும் அதே போனில்தான் இருக்கும். சான்றிதழ் பிடிஎஃப் பெரும்பாலும் 1 எம்பிகூட இருக்காது. இடத்தை அடைப்பது வீடியோக்கள்தான். எனவே முதலில் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள்.

அடுத்து வாட்ஸ்அப். செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ போங்க. 5 எம்பிக்கு மேற்பட்டவையும், பலமுறை ஃபார்வேர்டு ஆனவையும் தனித்தனியாகத் தெரியும். வேண்டாததை மட்டும் தேர்வு செய்து அழியுங்கள்.

கூகுள் போட்டோஸில் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுத்தால், பேக்கப் ஆன படங்கள் மட்டுமே போனிலிருந்து நீங்கும். ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி வரை இலவசம்.

கல்வராயன் மலைப் பகுதி மக்கள் ஒன்றைக் கவனிக்கணும். பேக்கப் எடுக்கவும், நீக்கிய படத்தைத் திரும்பத் திறக்கவும் இன்டர்நெட் வேண்டும். உங்க ஊரில் சிக்னல் சரியாக இல்லை என்றால், கள்ளக்குறிச்சிக்கு வரும் நாளில் பேக்கப்பை முடித்துவிடுங்கள். டிஜிலாக்கரில் ஏற்றிய பிறகும் சான்றிதழ் பிடிஎஃப்பை போனிலேயே வைத்திருங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் உடனே எடுத்துக் காட்டலாம்.