தேயிலைச் செடிகள் காட்டும் மலையின் வடிவம்

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது முதலில் வரும் சிற்றூர் ரிங்லெட். அங்குள்ள தேயிலைச் சரிவை வரையச் சொன்னால், பல மாணவர்கள் ஒரு பச்சை மேட்டை வரைந்து, அதன்மேல் ஒரே அளவில் செடிகளை வைத்துவிடுவார்கள். பிறகு, “மலை மாதிரியே இல்லையே டீச்சர், தட்டையா இருக்கு!” என்று அவர்களே குறைபடுவார்கள். கோளாறு கையில் இல்லை, பார்க்கும் முறையில்தான்.

தூரத்து மலையை நம் இரு கண்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் காண்கின்றன. ஆகவே, இருகண் பார்வை அங்கே அதிகம் உதவாது. அப்போது கைகொடுப்பவற்றுள் ஒன்று மேற்பரப்பின் இழையமைப்பு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1950இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார்.

மாணவர்களை மூன்று மாற்றங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள்:

1. அளவு: தூரம் கூடக்கூடச் செடிகள் சிறியதாகத் தெரியும்.
2. நெருக்கம்: வரிசைகளுக்கு இடையிலான வெளி குறைந்துகொண்டே போகும்.
3. நசுங்கல்: நம்மை நோக்கிய சரிவில் செடி உருண்டையாகத் தெரியும். சரிவு நம்மைவிட்டு விலகிச் சாயும் இடத்தில், அதே செடி நசுங்கிய முட்டைபோல் தெரியும்.

இம்மாற்றம் சீராக இருந்தால் தரை தொடர்ச்சியாக இருக்கிறது. திடீரென்று செடிகள் சிறுத்துவிட்டால், இடையில் ஒரு பள்ளத்தாக்கு மறைந்திருக்கலாம்.

ஆனால், “செடிகள் எல்லாம் ஒரே அளவுதான்” என்று கண் நம்பிக்கொள்வதால்தான் இந்தக் கணக்கு சரியாக வருகிறது. கொழுந்து பறித்தும் கவ்வாத்து செய்தும் தேயிலையை ஒரே மட்டத்தில் வைத்திருப்பதால், அதன் சரிவுகளில் மேடு பள்ளம் பளிச்சென்று தெரிகிறது. பக்கத்துக் காட்டில் மரங்கள் பலவித அளவில் இருப்பதால் அவ்வளவு தெளிவு இல்லை. இளஞ்செடிகள் நட்ட பகுதி, இருப்பதைவிடத் தூரமாகத் தோன்றி ஏமாற்றவும் கூடும்.

வகுப்பறை நடவடிக்கை: வெள்ளைத்தாளில் ஒரே அளவு வட்டங்களை வரிசையாக வரைந்து, ஒரு போத்தலில் சுற்றுங்கள். மாணவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கட்டும். நடுவில் வட்டம் வட்டமாகவே இருக்கும், ஓரத்தில் ஒடுங்கிப்போகும். “தாளில் வட்டம் மாறிச்சா, நாம பார்க்கிற கோணம் மாறிச்சா?” என்று கேளுங்கள்.

அதன்பின் அதே மலையை மறுபடியும் வரையச் சொல்லுங்கள். இம்முறை நிழல் தீட்டாமலேயே மலை எழுந்து நிற்கும்.