கரண்ட் பிடிக்க முன் இரத்தம் பார்ப்பது ஏன்?

கண்டிக்கோ மஹரகமைக்கோ கரண்ட் பிடிக்கப் போகும் நம் தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். "கட்டி ஒரு பக்கம் இருக்க, இரத்தம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர், கலத்துக்குள் இருக்கும் டீ.என்.ஏ. இழையைக் காயப்படுத்துகிறது. கலத்திலுள்ள சில இரசாயனங்கள் கண் இமைப்பதற்குள் அதைச் சரிசெய்யப் பார்க்கும். பக்கத்தில் ஒட்சிசன் இருந்தால் அது முந்திக்கொண்டு காயத்தில் ஒட்டிவிடும். அப்புறம் லேசில் ஆறாது, கலம் செத்துப்போகும். இங்கிலாந்தில் கிரே என்பவரும் கூட்டாளிகளும் 1953இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஒட்சிசன் இல்லாத கலத்தைக் கொல்ல ஏறக்குறைய 3 மடங்கு கதிர் வேண்டும்!

புற்றுநோய்க் கட்டி கண்டபடி வளரும். இரத்தக் குழாய்கள் அதற்கு ஈடுகொடுக்காது. குழாயிலிருந்து ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அப்பால் போனாலே ஒட்சிசன் எட்டாது. உடம்பிலும் இரத்தம் குறைவென்றால் சொல்லவா வேண்டும்? கர்ப்பப்பை வாசல் புற்றுநோயில், இரத்தச்சோகை உள்ளவர்களுக்குக் கதிர்ச் சிகிச்சையின் பலன் குறைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதனால்தான் டாக்டர் சிலருக்கு இரத்தம் ஏற்றச் சொல்கிறார். பயப்பட வேண்டாம்.

பீடிப் புகையும் இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் பிடித்துக்கொண்டே ஒளித்துப் பீடி குடிக்கும் அண்ணன்மார் கவனிக்கவும்.

டாக்டர் இரும்புச்சத்துக் குளிசை தந்திருந்தால் தேத்தண்ணியோடு போடாதீர்கள். சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. வெறும் தண்ணீரில் போட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள்.