மல்லிகை மணம் குப்பிக்குள் புகும் வழி

தவக்காலம் முடிந்து உயிர்ப்புப் பெருவிழா நெருங்கும் நாள்களில், ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சந்தைகளில் மல்லிகை மலிந்து குவிகின்றது. பனிக்காலத்தில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும் அதே பூ, பங்குனி, சித்திரையில் பறிப்புக் கூலிக்கும் கட்டாமற் போவதுண்டு. அவ்வேளையில் வாசனைத் தொழிற்சாலைகளே விவசாயிக்கு ஆறுதல். கோயம்புத்தூர், சத்தியமங்கலம் பக்கத்தில் இத்தகைய ஆலைகள் உள்ளன.

மல்லிகையைக் கொதிநீராவியில் வடித்தால் அதன் மணம் கெட்டுவிடும். ஆகவே பகலில் பறித்த மொட்டுகளைத் தரையில் பரப்பி, இரவில் அவை விரியும்வரை காத்திருக்கின்றனர். விரிந்தபின் எக்சேன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து, பின்னர் அக்கரைப்பானை ஆவியாக்கி நீக்கினால், மெழுகு போன்ற பொருள் எஞ்சும். 'காங்கிரீட்' என்பது அதன் வணிகப் பெயர். ஆயிரம் கிலோ பூவுக்கு இரண்டு, மூன்று கிலோ கிடைத்தால் பெரிது! அதனைச் சாராயத்தில் கரைத்து மெழுகை அகற்றினால் 'அப்சலூட்' என்னும் தூய சாரம் கிடைக்கும். அளவோ ஏறத்தாழப் பாதியாகிவிடும். பிரான்சு நாட்டின் கிராஸ் நகரம் இத்தொழிலால் பேர்பெற்றது. அங்கு வளர்ப்பது நம் ஊர்ப் பிச்சிப்பூவின் இனமே.

கடையில் மலிவாக விற்கும் 'மல்லிகை சென்ட்டில்' பூவைத் தேடுவது வீண். மல்லிகையில் மிகுதியாயுள்ள பென்சைல் அசிடேட்டை வேதியியற்கூடத்திலேயே செய்துவிடுகின்றனர்.

ஓசூரின் பெருமையான ரோஜாவின் கதை வேறு. பசுமைக்குடில்களில் வளரும் 'தாஜ்மகால்' போன்ற வகைகள், நீண்ட தண்டுக்காகவும் பல நாள் வாடாமைக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை, மணத்திற்காக அன்று. பிப்ரவரி 14-ஐ முன்னிட்டு அவை கடல் கடந்து செல்கின்றன. ஆனால் 2020-இல் ஊரடங்கு வந்து, திருமணங்களும் ஆலய விழாக்களும் நின்றபோது, பறித்த ரோஜாக்களைக் கொட்டி அழிக்க நேர்ந்தது. மணமற்ற மலரை எந்த வாசனை ஆலை வாங்கும்? பன்னீர் ரோஜாவாயின் பன்னீருக்கும் குல்கந்துக்குமேனும் உதவும்.

பெத்தானியாவில் மரியா ஆண்டவரின் பாதங்களில் பூசிய நரந்தத் தைலமும் நம் இமயமலைச் சடாமாஞ்சியின் வேரிலிருந்து வடித்ததே என்பர். அதன் விலை முந்நூறு தெனாரியம், ஏறக்குறைய ஓராண்டுக் கூலி. அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாசு கணக்குப் பார்த்தான். நாமோ பூக்காரியிடம் ஒரு முழத்திற்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கின்றோம்.